செவலை இழந்த அரை மார்க்

குருசுக்குப்பத்தை ஒட்டிய மைதானத்தில் செவலை என்ற நாட்டு நாய், தன் ஆள் "இரு" என்று சொல்லிவிட்டுப் போனதற்காக ஆறு வருடம் எழுந்திருக்காமல் படுத்துக் கிடந்தது. தின்னவில்லை, குடிக்கவில்லை, கிழடு தட்டவும் இல்லை. ஆறு வருடத்து மழையும் அதன்மேல் ஒரு சொட்டு விழாமல் நாலு பக்கமும் ஒதுங்கிப் பெய்தது. காலையில் அது படுத்தபோது நிழல் எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கமே சாயங்காலமும் கிடந்தது. முதல் மாதம் ஊரே திரண்டு வந்து பார்த்தது, சுண்டல்காரர்கூட வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அப்புறம் ஜனங்களுக்கு அவரவர் பிழைப்பு வந்துவிட்டது. கிரிக்கெட் ஆடுகிறவர்கள் நாயைத் தாண்டிப் போகிற பந்துக்கு நாலு ரன் என்று வைத்துக்கொண்டார்கள்.

படுக்க வைத்தது ஒரு போட்டி. சொன்ன சொல் கேட்கிற நாய் எது என்று பார்க்கிற போட்டி. நடுவர் தெய்வசிகாமணி, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர், ஊர்ப் பேச்சில் சொல்தா. அவரிடம் எல்லா நாயும் முழு மார்க்கோடுதான் உள்ளே நுழையும், பிசகுக்குப் பிசகு குறைந்துகொண்டே போகும். கோணலாக உட்கார்ந்தால் அரை மார்க் போச்சு. நாய்க்காரர் ஒரே சொல்லை இரண்டு தடவை சொன்னால் அதற்கும் போச்சு. மைதானத்து எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே போகிறவரை நாய் தன் ஆளை விட்டு வேறு யாரையாவது திரும்பிப் பார்த்தால், பராக்கு என்று அதற்கும் அரை மார்க். சீமை நாய், தெரு நாய் என்ற பேதமெல்லாம் அவர் பென்சிலுக்குத் தெரியாது. முழு மார்க்கை அவர் கையால் வாங்கின நாய் பிறக்கவே இல்லை. கடைசிப் பரீட்சையில், நாயைப் படுக்க வைத்துவிட்டு அதன் கண்ணில் படாமல் ஆட்கள் சுவருக்குப் பின்னால் போய்விட வேண்டும். நடுவர் "திரும்பலாம்" என்று குரல் கொடுத்தால்தான் வரலாம். வந்து நாயின் வலப்பக்கம் நின்ற பிறகு, "முடிந்தது" என்று அவரே சொன்னால்தான் நாய் எழலாம். அந்த இரண்டு சொல்லையும் அந்தப் போட்டியின் நடுவரைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது.

செவலையின் ஆள் கன்னியப்பன், மில் மூடின பிறகு வாட்ச்மேன் வேலைக்குப் போனவர். அவர் மனைவி வீராயிக்குப் பெரிய மார்க்கெட்டில் மீன் வியாபாரம். பிள்ளை குட்டி கிடையாது. செவலை குட்டியாக வந்து ஒண்டியது வீராயியின் கூடையடியில்தான். மத்தித் தலையும் சோறும் பிசைந்து போட்டு ஆளாக்கியவளும் அவள்தான். ஆனால் அந்த நன்றிகெட்ட ஜீவன் கன்னியப்பன் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், வாய்ச் சோற்றை விட்டுவிட்டு ஓடும். போட்டிக்குக் கிளம்பின அன்றும் அவள் சண்டைதான் போட்டாள். "யோவ், அதுகிட்ட பேசுறதுல கால்வாசி எங்கிட்ட பேசுனா வாய் வலிக்குமா?" கன்னியப்பன் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கடைசிப் பரீட்சையில் சுவருக்குப் பின்னால் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். எல்லாரும் ஓடினார்கள், நடுவரும்தான். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது. மற்றவர்கள் தங்கள் நாய்களை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதுவரை ஒரு மார்க்கும் இழக்காத செவலை மட்டும் அப்படியே கிடந்தது.

காரியம் முடிந்ததும் வீராயி போய்க் கூப்பிட்டாள், எழவில்லை. நாலு ஆட்கள் தூக்கினார்கள், மைதானத்தையே தூக்குவதுபோல இருந்தது. சுவருக்குப் பின்னால் கிடந்த ரப்பர் செருப்பையாவது எடுத்துப்போகலாம் என்று குனிந்தாள். அதுவும் அசையவில்லை. அன்றிலிருந்து தினமும் வியாபாரம் முடிந்ததும் வந்து நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வஞ்சிரம் விலை ஏறினதிலிருந்து கூரை ஒழுகுகிறது வரை புருஷனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அதனிடம் சொன்னாள். அதன் கண் சுவரை விட்டு ஒரு நாளும் அவள் பக்கம் திரும்பியதில்லை.

இரண்டாம் வருடமே அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. செருப்பு ஏன் அசையவில்லை? அவரும் அங்கேதான் காத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கூச்சலில் சொல்தா "திரும்பலாம்" என்று சொல்லவே இல்லையே! தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அவர் வருவார், வந்து நாயைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் அவளுக்கென்று இந்த உலகத்தில் என்ன இருக்கிறது?

ஆறாம் வருடம், தெய்வசிகாமணியை அவர் மகன் பிரான்சுக்கே அழைத்துக்கொள்ளப் போகிறான் என்று மார்க்கெட்டில் பேச்சு வந்தது. அவர் போய்விட்டால் அந்தச் சொல்லைச் சொல்ல ஆள் கிடையாது, ரெண்டும் காலத்துக்கும் இப்படியே கிடக்கும். அன்று மத்தியானம் மீனைப் பாதியில் போட்டுவிட்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"முசே, அன்னிக்கு அவரைத் திரும்பி வரச் சொன்னீங்களா?"

கிழவர் அன்றைக்கு நடந்ததை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "இல்லம்மா. சொல்லல."

"அப்ப வந்து சொல்லிட்டுப் போங்க. சொன்ன சொல்ல மீற மாட்டாரு அவரு."

மறுநாள் காலை சொல்தா இஸ்திரி போட்ட சட்டையோடு மைதானத்தில் நின்று "திரும்பலாம்" என்று குரல் கொடுத்தார். சுவருக்குப் பின்னாலிருந்து செருப்பு ரெண்டும் நடந்து வந்தன. இடது செருப்பு கொஞ்சம் தேய்த்துத் தேய்த்து வந்தது, கன்னியப்பன் நடை அப்படித்தான். நாயின் பின்புறமாகச் சுற்றி வந்து வலப்பக்கம் நின்றன. செவலை வாலைக்கூட ஆட்டவில்லை. சொல்தா அடுத்த சொல்லைச் சொல்லாமல் வீராயியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினால் ரெண்டு பேரும் அங்கேயே நிற்பார்கள் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வீராயி நாயின் முதுகை ஒரு தடவை தடவினாள். செருப்பைப் பார்த்து ஏதோ திட்ட வந்தவள், சொல்தா பக்கம் திரும்பினாள்.

"சொல்லிடுங்க முசே. பாவம், கால் மரத்துப்போயிருக்கும்."

"முடிந்தது."

செவலை எழுந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, செருப்போடு ஒட்டிக் கடலைப் பார்த்து நடந்தது. கோட்டைத் தாண்டப் போகிற இடத்தில் நின்றது. கழுத்தைத் திருப்பி வீராயியைப் பார்த்தது. நன்றாகவே பார்த்தது. பிறகு போய்விட்டது.

சொல்தா பென்சிலை எடுத்தார். "பராக்கு. அரை மார்க் போச்சும்மா."

"போடுங்க முசே, நல்லாக் குறைச்சுப் போடுங்க," என்று சொல்லிவிட்டு வீராயி மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ஆறு வருடத்தில் அவளுக்கென்று கிடைத்தது அந்த அரை மார்க்தான்.

செவலை படுத்திருந்த இடத்தில் இன்றைக்கும் மழை விழுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஊரில் யாருக்கும் கருவாடு காயாது, அங்கே பரப்பி வைக்கிற வீராயிக்கு மட்டும் காயும். போட்டி நடக்கிற நாளில் புது நடுவர், கருவாட்டை மிதிக்காமல் சுற்றிப் போகும்படி நாய்க்காரர்களிடம் சொல்லிவிடுவார்.