அம்மா பூட்டிய துப்பாக்கி

வெர்லின் மாமா சமையல் மேசையில் இருந்த உருளைக்கிழங்குத் தட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, இறந்துபோன அக்கா அர்லிஸின் துப்பாக்கியை நடுவில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த தட்டுகள். ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் ஒட்டியிருந்தது. வடக்கு டகோட்டாவில் ஒரு சாவு விழுந்தால் ஒரு வாரம் அடுப்பு மூட்ட வேண்டாம். தட்டுகளைத் திருப்பிக் கொடுத்து முடிக்கத்தான் ஒரு மாதமாகும்.

"உனக்குத் தோள் வலிக்கக் கூடாதுன்னு பஃபரை மாத்திட்டேன்," என்றார். "கனமானதா ஒண்ணு போட்டிருக்கேன்."

சர்ச்சுக்குப் போகக் கறுப்பு உடையில் பட்டன் போட்டுக்கொண்டிருந்த ஜெனெல் அப்படியே நின்றாள். பஃபர் என்பது துப்பாக்கியின் பின்பக்கத்தில் சுருள்வில்லோடு முன்னும் பின்னும் ஓடும் சின்ன உருளை. ஒவ்வொரு வேட்டின் உதையையும் வாங்கி, அடுத்த தோட்டாவுக்கு வழிவிடுவது அதன் வேலை.

"அம்மா போட்டதை ஏன் மாமா எடுத்தீங்க?"

"இதுல வெடிப்புக் காத்தைப் பின்னால கொண்டுவர்ற கேஸ் குழாய் குட்டை. குட்டைக் குழாய்னா அழுத்தம் முரட்டுத்தனமா வரும், கனமானதைப் போட்டு அடக்கணும். உங்கம்மா சொன்னதுதான், நானா கண்டுபிடிக்கல."

"அது பழைய குழல்ல இருந்தது. போன குளிர்காலத்துல அம்மா குழலையே மாத்திட்டாங்க. இப்ப இருக்கிறது நீளக் குழாய். அழுத்தம் சாதுவா வரும். அதுக்கு லேசானதுதான் சரி."

"கேன்சருக்கு மருந்து ஏத்திக்கிட்டிருந்தப்பவா?"

"ஆமா. ரெண்டு நாள் வாந்தி, மூணாம் நாள் பட்டறை."

மாமா சிரித்தார். நம்பவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. மேலுறையைக் கழற்றினால் குழாய் தெரிந்துவிடும். ஆனால் கண்ணால் பார்த்தாலும் அவர் வாதாடுவார். துப்பாக்கியே சொன்னால்தான் கேட்பார்.

ஜெனெலுக்கு வாதாட நேரமில்லை. பிரார்த்தனை முடிந்ததும் ஊர் முழுக்க துப்பாக்கிக் கிளப் மைதானத்துக்கு வரும். உறுப்பினர் யார் இறந்தாலும், வீட்டிலிருந்து ஒருவர் அவருடைய துப்பாக்கியால் பத்து தோட்டா சுட வேண்டும். காலித் தோட்டாக்களை அவருடைய தொப்பியில் சேர்த்துக் கிளப் சுவரில் மாட்டுவார்கள். துப்பாக்கி நடுவில் சிக்கினால் வேறொருவர் தன்னுடையதால் சுட்டு முடித்துவைப்பார். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மறக்கவும் மாட்டார்கள். முப்பது வருடங்களுக்கு முன் இதே கிளப்பில் சுட வந்த அர்லிஸைக் காப்பி ஊற்றச் சொன்னவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் முன்னால் அம்மாவின் துப்பாக்கி திக்கக் கூடாது.

"வாங்க, கொட்டகைக்குப் பின்னால போவோம். ஒரே ஒரு தோட்டா."

கறுப்புக் காலணியோடு பனியில் இறங்கினாள். ஒரு தோட்டாவை மட்டும் போட்டு மண்மேட்டைப் பார்த்துச் சுட்டாள். எல்லாம் பொருந்தியிருந்தால், கடைசித் தோட்டா போனதும் தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் பின்னால் போய் அங்கேயே நிற்கும். அது அரைவழி போய்த் திரும்பி மூடிக்கொண்டது. காலித் தோட்டா சோம்பலாக அவள் காலடியில் விழுந்தது.

"குளிருக்கு எண்ணெய் இறுகியிருக்கும்," என்றார் மாமா.

"மத்தியானம் மட்டும் வெயில் கொளுத்தப் போகுதா? அம்மாவோடதைக் குடுங்க."

கோட்டுப் பையில் துழாவி எடுத்துக் கொடுத்தார். உருளையின் முகப்பில் நகச்சாயத்தால் ஒரு சிவப்புக் கோடு. அர்லிஸ் வாழ்நாளில் நகத்துக்குச் சாயம் பூசியதில்லை. அந்தப் புட்டி முழுவதும் இரும்புக்கே செலவானது. ஜெனெல் விரல் விறைக்க விறைக்க மாற்றிப் பூட்டினாள். இன்னொரு தோட்டா. போல்ட் பின்னால் போய், சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை மாதிரி நின்றது.

மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அவ."

"சொன்னா வேணாம்னு தடுத்திருப்பீங்க."

"தடுத்துத்தான் இருப்பேன்." மூக்கைக் கையுறையால் துடைத்துக்கொண்டார். "அந்த உடம்பை வெச்சுக்கிட்டு."

மண் பாறையாக உறைந்திருந்ததால் அடக்கம் பனி உருகிய பிறகுதான். எனவே பிரார்த்தனை முடிந்ததும் நேராக மைதானத்துக்கு வந்தார்கள். பாதிரியார் அங்கியின் மேலேயே தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். காப்பி ஊற்றச் சொன்னவர்களும் வந்திருந்தார்கள். பிற்பாடு தங்கள் துப்பாக்கி மக்கர் செய்தபோதெல்லாம் அர்லிஸின் சமையலறைக் கதவைத் தட்டியவர்களும் அவர்கள்தான்.

மாமா அக்காவின் பச்சைத் தொப்பியை ஜெனெலின் வலப்பக்கம் பனிமேல் மல்லாக்க வைத்தார். அதில் காலித் தோட்டா விழ வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. சுட்டு முடித்த பிறகு பொறுக்கிப் போடுவதுதான் வழக்கம்.

முதல் வேட்டு. காலித் தோட்டா தொப்பிக்கு ஒரு சாண் பின்னால் விழுந்து, பனியைச் சுட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டது.

மாமா கை தூக்கினார். ஜெனெல் குழலைத் தாழ்த்திக் காத்திருந்தாள். அவர் நடந்து வந்து, தொப்பியை ஒரு சாண் பின்னால் தள்ளி வைத்துவிட்டுப் போனார். கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள்.

இரண்டாவது தொப்பிக்குள் விழுந்தது. மூன்றாவது அதன்மேல் விழுந்து கணீரென்றது. ஒன்று விளிம்பில் பட்டுத் துள்ளி, பிறகு உள்ளேயே சரிந்தது. ஜெனெல் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தத்திலேயே தெரிந்தது. அழுகை வரும் இடத்தில் பெருமை வந்து நின்றது. கடைசி வேட்டு முடிந்ததும் போல்ட் திறந்தபடி நின்றது.

கைதட்டுவது அங்கே வழக்கமில்லை. ஆண்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள், அந்தக் குளிரிலும்.

மாமா வந்து குனிந்து எண்ணினார்.

"ஒம்போது."

"நான் எடுக்கிறேன் மாமா. உங்க முட்டி..."

"நீ சும்மா இரு."

அவர் தொப்பியை நகர்த்தி வைத்து, கையுறையைக் கழற்றிவிட்டு, முட்டி போட்டு, முதல் காலித் தோட்டா போன அந்தச் சின்னத் துளைக்குள் வெறும் விரலை விட்டுப் பனியைத் தோண்டத் தொடங்கினார்.