மூன்றாவது வண்டி

அந்த ஊரில் நேர்மையாகப் பிழைக்க வழியே கிடையாது. டாக்ஸி ஓட்டலாம்தான், நாள் முழுக்க ஓட்டினாலும் ஒரு நல்ல சட்டைக்குக் காசு தேறாது. கடத்த வேண்டும், கொள்ளையடிக்க வேண்டும், போலீஸ் துரத்தினால் வண்டியைச் சந்தில் போட்டுவிட்டு ஓட வேண்டும். அப்படி ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு அது. அதில் சம்பாதிக்கிற வித்தையில் தீபக்கை மிஞ்ச அவன் ஆபீசில் ஆள் இல்லை.

ஆபீஸ் பீளமேட்டில். சம்பளம் தரும் வேலையில் காட்டாத மூளையை எல்லாம் அவன் இந்த விளையாட்டில் காட்டினான். எந்தத் தொழிலில் மணிக்கு எத்தனை டாலர் என்று பட்டியலே போட்டு வைத்திருந்தான். முதல் காசு கையில் வந்ததும் பளபளவென்று கார் வாங்குகிறவன் முட்டாள், முதலில் ஒரு கிடங்கு வாங்கு என்பான். சரக்கைத் திருடி வந்து நேரத்தைக் கெடுக்காதே, விலைக்கே வாங்கிப் போடு, அந்த நேரத்தில் ஒரு வங்கியைப் பார் என்பான். கிடங்கு நிறையும்வரை விற்காதே என்பான். சொன்னது எல்லாம் சரிதான், ஒன்றும் குறை சொல்ல முடியாது.

கடைசி உபதேசத்தில் மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. நிறைந்த கிடங்கின் சரக்கை விற்கக் கிளம்பினால் விளையாட்டு மூன்று லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தும். மூன்றும் அரை மணி நேரத்துக்குள் ஊரின் மறுகோடிக்குப் போய்ச் சேர வேண்டும். ஒற்றை ஆளால் ஆகிற காரியம் இல்லை. கூட வந்து ஓட்டிக் கொடுப்பவனுக்குக் கிடைப்பதோ டீச்செலவுக்குக் காணும் காசு. லாபம் முழுக்கக் கிடங்குக்காரனுக்கு. அதனால் யாரும் யாருக்கும் ஓட்டப் போவதில்லை.

தீபக்தான் இதற்கும் வழி சொன்னான். வெள்ளகோவில் பக்கம் அவனுடைய ஊரில் கடலை பிடுங்கும்போது காட்டுக்காரர்கள், அதாவது சொந்த நிலம் உள்ளவர்கள், செய்துகொள்கிற ஏற்பாடுதான். இன்றைக்கு எல்லாரும் உங்கள் காட்டுக்கு, நாளைக்கு எல்லாரும் எங்கள் காட்டுக்கு. கூலி கிடையாது, முறை மட்டும் உண்டு.

"வாரம் ஒருத்தர் கிடங்கு. மத்த ரெண்டு பேரும் போய் ஓட்டிக் குடுத்துப்போடணும். ஞாயித்துக்கிழமை பதினோரு மணி, சரிங்களா?" என்றான்.

கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருத்தி எதிர் இருக்கை நித்யஸ்ரீ. இன்னொருவன் பக்கத்து இருக்கை ரூபன். ரூபன் பல்லடத்துக்காரன், அவன் அப்பா ஐயாசாமி பாதி வயதை அடுத்தவர் காட்டிலும் மீதியை விசைத்தறிக் கொட்டகையிலும் கழித்தவர்.

"அது காடு இருக்கறவங்க பழக்கமுடா" என்று ரூபன் சிரித்தான். "சரி, வெச்சுக்கலாம். மொதல்ல நீ, அப்புறம் நித்யா. நான் கடைசியா எடுத்துக்கறேன்."

தீபக்கின் ஞாயிற்றுக்கிழமை ரூபன் சர்ச்சிலிருந்து நேராக வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தான். பாதி வழியில் போலீஸ் சுட்டு இரண்டு டயர் போயிற்று. இறங்கி ஓடாமல், வெறும் ரிம்மிலேயே லாரியை இழுத்துக்கொண்டு போய், நேரம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது சேர்த்துவிட்டான். "நீ மனுசனே இல்லடா!" என்று தீபக் மைக்கில் கத்தினான். அடுத்த வாரம் நித்யஸ்ரீக்கும் அதே மாதிரி ஓட்டிக் கொடுத்தான் ரூபன்.

மூன்றாவது ஞாயிறு ரூபனுடையது. சனிக்கிழமை விளையாட்டுக் கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டது. ஒரு குறிப்பிட்ட கொள்ளைக்கு இந்த ஞாயிறு ஒரு நாள் மட்டும் இரட்டைப் பணம். அன்றைக்கு வாங்குகிற கப்பலில் மட்டும் வாங்கினவன் பெயரைப் பின்புறத்தில் எழுதித் தருவார்கள். தனி ஆளாகவே அடிக்கலாம். தீபக் பட்டியலைத் திறந்தான். ரூபனுக்கு லாரி ஓட்டினால் டீச்செலவு. கொள்ளைக்குப் போனால், காலையில் உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் ஒரு உல்லாசக் கப்பல். ஆறு மாதமாக அவன் கண் வைத்திருந்த கப்பல். மனுஷன் வேறு என்ன செய்வான் என்று கேட்கிறவர்களும் உண்டு. செய்வதற்கு எவ்வளவோ இருந்தது. அவன் செய்தது இதுதான்.

ஞாயிறு பத்தரைக்கு ரூபனுக்கு எழுதினான்: "ஊர்ல மாமா பையனுக்கு காதுகுத்துடா. திடீர்னு கெளம்பற மாதிரி ஆயிப்போச்சு. அடுத்த வாரம் வெச்சுக்கலாமா?"

பதில் உடனே வந்தது. "இல்லடா, இன்னைக்கே பாத்துக்கறோம். போச்சாது, பரவால்ல, நீ விசேஷத்தைப் பாரு."

தீபக் தன் பெயர் மற்றவர்கள் திரையில் தெரியாதபடி மறைத்துவிட்டுக் கொள்ளைக்குப் போனான். மணி பதினொன்று ஆயிற்று. இப்போது கிளம்பியிருப்பார்கள் என்று நினைத்தான். மறைப்பை எடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை அவன் செலவழிக்கவில்லை. ஒரு மணிக்கெல்லாம் கப்பல் வாங்கியாயிற்று. வாங்கினவனுக்கு அதில் ஏறி நின்று பார்க்கத்தான் மனம் வரவில்லை.

திங்கட்கிழமை ரூபன் வந்ததும் வராததுமாகக் கேட்டான்.

"காதுகுத்து நல்லா நடந்துச்சா?"

"நடந்துச்சு."

"கெடா வெட்டுனாங்களா?"

"ம்."

"மாமன் மடியில உக்கார வெச்சா பையன் அழுதிருப்பானே?"

"அழுதான் அழுதான், ஒரே அழுகை."

பிறக்காத பிள்ளைக்கு மொட்டையும் அடித்து, கிடாயும் வெட்டி, இருநூறு பேருக்குச் சோறும் போட்டு முடித்தான் தீபக். பிறகு தயங்கித் தயங்கி, "உன்ற வண்டி?" என்று கேட்டான்.

"ரெண்டு போய்ச் சேந்துச்சு. மூணாவது போச்சு. திரும்பி வந்து அதை எடுத்தேன், பாதி வழியில நேரம் முடிஞ்சுபோச்சு. அதை உடு."

மூன்றில் ஒரு பங்குதானே, அதுவும் பொய்க்காசு என்று தீபக் தன்னைத் தேற்றிக்கொண்டான். மதியம் நித்யஸ்ரீ அந்தத் தேறுதலையும் பிடுங்கிக்கொண்டாள்.

"இனியாவைப் பக்கத்துல உக்கார வெச்சுருந்தாருங்க ரூபன். அவங்க சம்சாரம். மைக்ல எல்லாம் கேட்டுச்சு. 'இன்னைக்கு என்னோட கிடங்குக்கு ஆளுங்க வர்றாங்க, வந்து பாரு'ன்னு கூப்புட்டு உக்கார வெச்சுருக்காரு. அந்தக்கா பாவம், 'மூணாவது வண்டி நிக்குதே, அதை யாரு ஓட்டறது'ன்னு கேட்டுட்டே இருந்தாங்க."

அதனால்தான் ரூபன் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தீபக் செவ்வாய் நினைத்தான், புதன் நினைத்தான். பக்கத்து இருக்கைதான், திரும்பினால் போதும். வெள்ளிக்கிழமைவரை கழுத்து திரும்பவில்லை.

ஞாயிறு மறுபடி தீபக்கின் முறை. வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைக்காமல் உட்கார்ந்தான். ரூபன்தான் முதல் ஆளாக வந்தான். மூன்று லாரியும் கிளம்பின. போகவேண்டிய வழி கடற்கரைச் சாலை. கரைக்குப் பக்கத்தில், வெள்ளை வெளேரென்று, பின்புறத்தில் அவன் பெயரைப் பெரிதாக எழுதிக்கொண்டு, அந்த ஒரு நாளில் வாங்கிய கப்பல் நின்றது.

ரூபனின் லாரி சாலையில் நின்றுவிட்டது. நாலைந்து நொடி இருக்கும். அப்புறம் லாரி நகர்ந்தது. மூன்றிலும் முதலில் போய்ச் சேர்ந்தது அதுதான்.

"முடிஞ்சுதுடா, வாரேன்" என்று சொல்லிவிட்டு ரூபன் போய்விட்டான். தீபக்கின் கணக்கில் பணம் வந்து விழுந்தது. எவ்வளவு என்று அவன் பார்க்கவில்லை.

மறுநாள் ரூபனைப் பேக்கரிக்கு அழைத்துப் போனான். டீ வரும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"அன்னைக்குக் காதுகுத்தே இல்லடா."

"தெரியும். கப்பலைப் பாத்தேன்."

"அப்புறம் எதுக்குடா எனக்கு ஓட்டிக் குடுத்தே?"

"வாரேன்னு ஒத்துக்கிட்டேன். வந்தேன்."

"நாலு திட்டாவது திட்டேன்டா."

"திட்டறதுக்கு என்ன இருக்குது" என்று ரூபன் சாலையைப் பார்த்தான். டீ வந்தது. தீபக் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

"நான் ஊட்டுக்கே வாரேன். இனியாகிட்ட உண்மையச் சொல்லி மன்னிப்புக் கேட்டுப்போடறேன்."

அப்போதுதான் ரூபன் அவன் முகத்தை நேராகப் பார்த்தான்.

"அதை மட்டும் செஞ்சுபோடாதே."

"ஏன்டா?"

"அன்னைக்கு அந்த வண்டி நிக்கறதைப் பாத்துட்டே அவ சொன்னா. 'நீங்க அவங்க வேலைக்குப் போவீங்க. அவங்கெல்லாம் நம்ம வேலைக்கு வருவாங்களாக்கும்'னு. எனக்கு வந்துச்சு பாரு கோவம். படிச்சவ பேசற பேச்சாடி இது, தீபக் அப்படிப்பட்டவன் இல்லைன்னு கத்திப்போட்டேன். ரெண்டு நாள் பேசலை அவகூட. கடைசில அவளே வந்து, தப்பா நெனச்சுட்டேன்னு அழுதா." ரூபன் டீயைக் கையில் எடுத்தான், குடிக்கவில்லை. "அழ வெச்சது நானு. இப்ப நீ போய்ச் சொன்னா, அவ மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?"

தீபக் தன் டீயைத் தள்ளி வைத்தான்.

"இந்த ஞாயித்துக்கிழமை உன்னைச் சாப்பிடக் கூப்பிடச் சொல்லியிருக்கறா, உன்னைத் தப்பாப் பேசுனதுக்காக. வா. காதுகுத்து எப்படி நடந்துச்சுன்னு கேப்பா. எனக்குச் சொன்னியே, அதையே அவளுக்கும் சொல்லு."