ஈர பிரஷ்

பிரஷ் அக்காவின் மகள் வாயில் ஒரே இடத்தை டாக்டரம்மா சின்னக் கண்ணாடியால் மூன்றாவது தடவையாகப் பார்த்தபோதே அக்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பத்து வருஷமாக அந்தப் பல் ஆஸ்பத்திரியில் விளக்குப் பிடிக்கிறவளுக்கு அதுகூடப் புரியாதா என்ன?

"நாலு சொத்தை. மூணு பால் பல்லு, அது போகட்டும். இந்தக் கடவாய்ப் பல்லு போனா திரும்ப முளைக்காது. மருந்து வெச்சிருக்கேன். பத்து நாள்ல வலி நிக்கலைன்னா பிடுங்கத்தான் வேணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, உன் பொண்ணுக்கா இப்படி?"

தாழ்த்தி என்ன பிரயோஜனம், வெளியே பெஞ்சு வரைக்கும் கேட்டுவிட்டது. நாற்காலியை விட்டு இறங்குகிற ஒருத்தரையும் அக்கா சும்மா விட்டதில்லை. பிளாஸ்டிக் தாடையைக் கையில் வைத்துக்கொண்டு காலையில் இரண்டு நிமிஷம், ராத்திரி இரண்டு நிமிஷம் என்று பாடம் நடத்தித்தான் அனுப்புவாள். பிரஷ் அக்கா என்ற பட்டப்பெயரே அப்படி ஒட்டிக்கொண்டதுதான். போன வாரம்கூட ஒரு பேங்க் மேனேஜரை, "சோம்பேறித்தனத்துக்கு இங்க மருந்து கிடையாது சார்" என்று வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தாள். அந்த மனுஷர் இன்றைக்கென்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகளின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். சிரித்துத் தொலைத்திருந்தால்கூடத் தேவலை.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கணவன் முன்னறையில் ஏதோ ஒரு பேன்ட்டுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தான்.

"மிஷினை நிறுத்துங்க."

நிறுத்தினான்.

"எட்டு வயசுல கடவாய்ப் பல்லு போகப்போகுது. தினம் பல்லு தேய்ச்சாளா, இல்லையா?"

"தேய்ச்சாளே. நீதான் தினம் பாக்கறியே."

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் வேலை முடிந்து வருவதற்குள் மகள் படுத்துவிடுவாள். அதனால் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் குழாயடிக்குப் போய் மகளின் பிரஷ்ஷைத் தொட்டுப் பார்ப்பாள். ஈரமாக இருந்தால் சரி. காய்ந்திருந்தால் அன்றைக்கு வீடு இரண்டுபடும். காலையில் கிளம்புகிற அவசரத்திலும் அதே சோதனைதான். ஆறு மாதமாக ஒரு நாள்கூடக் காய்ந்து கிடந்ததில்லை.

"என் தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

அவன் கையிலிருந்த துணியை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

"ஒரு நாள் தேய்க்காம தூங்கிட்டா. அன்னிக்கு நீ ஆடின ஆட்டம் எனக்குத்தான் தெரியும். அதுலேர்ந்து அவ அடம்பிடிச்சா நானே பிரஷ்ஷைத் தண்ணில காட்டி வெச்சிடுவேன். எதுக்கு வீட்ல சண்டைன்னு..."

அக்கா அவன் கையிலிருந்த துணியைப் பிடுங்கிப் போட்டாள். "பல்லைத் தேய்க்கச் சொன்னா பிரஷ்ஷைக் குளிப்பாட்டினீங்களா? பாவி மனுஷா! பெத்த பொண்ணு வாயி அழுகுறது உங்களுக்குச் சண்டையைவிடச் சின்ன விஷயமா போச்சா? ஊரான் பல்லுக்கெல்லாம் நான் தொண்டை கிழியக் கத்தறேன், என் வீட்ல நீங்க..."

"கத்தறேல்ல? அதுக்குத்தான் பயந்தேன்" என்றான் அவனும் எழுந்து. "சரி, நான் ஏமாத்தினேன். தப்புதான். ஊர்ல இருக்கறவன் வாயெல்லாம் டார்ச் அடிச்சுப் பாக்கறியே, இவ வாயை என்னிக்காவது திறந்து பாத்தியா?"

அவள் கையிலிருந்த ஆஸ்பத்திரிப் பையை ஓங்கி எறிந்தாள். அது தையல் மிஷினில் பட்டு விழுந்தது. நூல்கண்டுகள் நாலா பக்கமும் உருண்டன. அவன் சொன்னது உண்மை என்பதால் கோபம் இன்னும் தலைக்கேறியது. அடுத்து என்ன சொல்லியிருப்பாளோ, உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

மகள் ஓடிவந்தாள். ஒரு கன்னம் உப்பி, கண்ணெல்லாம் நீர். கையில் பிரஷ், நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கத்தாதம்மா. ஈரமாத்தான் இருக்கு. தொட்டுப் பாரு."

பழக்கதோஷம், அக்காவின் விரல் தானாகப் போய்த் தொட்டது. ஈரமாகத்தான் இருந்தது.

அந்தக் கோபத்தை இனி யார்மேல் காட்டுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. பிரஷ்ஷை வாங்கி மிஷின்மேல் வைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"ஆ காட்டு" என்றாள்.

மகள் திறக்கவில்லை. இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதுபோல் அப்பாவைப் பார்த்தாள். வீட்டில் அம்மா இதுவரை அதைக் கேட்டதே இல்லை.