ஒட்டக வண்டி

தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தது. வண்டியின் பின்கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க சுந்தரவல்லி அதில் முதுகைக் கொடுத்து நின்றாள். கம்பளியில் சுற்றிய உடலைத் தூக்கிக்கொண்டு நல்லசிவமும் மகள் வத்சலாவும் மாடிப்படியில் இறங்கி வந்தார்கள். கடைசிப் படிகள் தண்ணீருக்குள் போயிருந்தன. வத்சலா ஒவ்வொன்றையும் காலால் தடவிப் பார்த்து வைத்தாள்.

"தல இடிச்சிராம, தம்பி. குனிஞ்சு உள்ள போங்க," என்றாள் சுந்தரவல்லி.

நல்லசிவம் குனிந்து, அண்ணனின் தலைமாட்டை மார்போடு அணைத்தபடி வண்டிக்குள் ஏறினான். உள்ளே இடதுபக்கச் சுவரோடு ஒரு பலகைக் கட்டில் இருந்தது. இரண்டு பேர் படுக்கலாம். ஜம்புலிங்கத்தை அதன் நடுவில் கிடத்தினார்கள். மலைப்பாதையில் சாமான்கள் உருளாமல் இருக்க ஜம்பு கட்டிலைச் சுற்றிலும் கொக்கிகள் அடித்திருந்தான். சுந்தரவல்லி அவற்றில் கயிற்றைக் கோத்து மார்பிலும் இடுப்பிலும் முழங்காலிலும் குறுக்கே கட்டினாள். முடிச்சை இறுக்கும்போது ஒரு கணம் கை நின்றது. வலிக்குமோ என்று தோன்றியது. பிறகு இறுக்கினாள்.

முந்தின நாள் காலையில்தான் கரை உடைந்து யமுனை மாடல் டவுனுக்குள் வந்தது. மத்தியானத்துக்குள் கீழ்வீட்டு வாசல்படியைத் தாண்டிவிட்டது. கரோல்பாகிலிருந்து தம்பி நல்லசிவம், அண்ணன் குடும்பத்தைக் கூட்டிப்போக நடந்தும் நீந்தியும் வந்து சேர்ந்தான். "காலையில வெளிச்சத்துல கெளம்பிருவோம்லே. வண்டி இருக்குல்லா," என்றான் ஜம்பு. சாயங்காலம் முழுக்கத் தண்ணீரில் நின்று, எஞ்சினுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் டப்பாவைச் சுற்றிலும் கிரீஸைப் பூசி, சைக்கிள் ட்யூபால் கட்டினான். மேலே வந்து தலையைத் துவட்டி, ஒரு தம்ளர் காப்பி குடித்துவிட்டுப் படுத்தான். விடிந்து எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை நெஞ்சுவலி வந்த உடம்பு.

காலையில் ராணுவப் படகு வந்தது. படகிலிருந்த ஜவான் நல்ல பையன். தலையைக் குனிந்துகொண்டு இந்தியில் சொன்னான்: உயிரோடு இருப்பவர்கள் முதலில், அம்மா. இவரை எடுக்க நாளைக்கோ மறுநாளோ வருவோம். நீங்கள் மூன்று பேரும் ஏறுங்கள்.

சுந்தரவல்லி ஏறவில்லை.

இப்போது அவள் பின்கதவைச் சாத்திவிட்டு முன்பக்கம் நடந்தாள். நல்லசிவம் அண்ணியின் பின்னாலேயே வந்தான்.

"மைனி, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதிய. நிகம்போத் காட் சுடுகாட்டுல தண்ணி ஏறிட்டு. லோதி ரோட்டுக்குத்தான் கொண்டு போணும். சுடுகாட்டுக்கு நீங்களா வண்டி ஓட்டிட்டு வாரது? நாலு பேரு என்ன சொல்லுவாக?"

"நீங்க ஓட்டுதியளா, தம்பி?"

அவனுக்கு சைக்கிள் மட்டும்தான் தெரியும்.

"வாசல் வரைக்கும் வாரேன். உள்ள வரல," என்றாள்.

அது பழைய ரொட்டி வேன். பிஸ்கட் நிறத்தில், ஒரு பக்கம் சப்பிப்போய், ஏலத்துக்கு வந்தது. ஜம்பு அதை வாங்கியதற்குக் காரணம் ரோத்தாங் கணவாய். டூரிஸ்ட் பஸ்ஸில் ஒருமுறை குடும்பத்தோடு போயிருந்தார்கள். பனியில் இறங்கி நின்று அவன் கண்ணைச் சுருக்கி எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிரைவர் ஹாரன் அடித்தான். "சலோ, சலோ." திரும்பி மணாலியில் இறங்கியதும் ஜம்பு, "நான் அங்கன ராத்திரி தங்கணும் வல்லி. விடியறதப் பாக்கணும்," என்றான்.

செக்‌ஷனில் ஃபைல் தள்ளுகிற வேலை அவனுக்கு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கஷ்மீரி கேட் கடைகளில் பழைய இரும்புகளுக்கு நடுவே கிடந்தான். வேனுக்குள் இருந்தது ஜீப் எஞ்சின். அப்படியானால் ஜீப்பின் முன்னச்சும் அதற்குப் பொருந்தும், நாலு சக்கரமும் இழுக்கும் என்பது அவன் கணக்கு. முதலில் பொருந்தவில்லை. அச்சைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். ஸ்பிரிங் பட்டைகளை அடுக்கி வண்டியின் உடம்பை உயர்த்தினான். எஞ்சினின் மூச்சுக் குழாயை முன்கண்ணாடியோரமாகக் கூரை வரை ஏற்றினான். உள்ளே கட்டில், மடக்கு மேஜை, மண்ணெண்ணெய் ஸ்டவ் உட்காரப் பள்ளம் வெட்டிய அலமாரி, தண்ணீர் டிரம். நாலு வருஷம் தெருவில் சுத்தியல் சத்தம் ஓயவில்லை.

வண்டி தயாரானபோது ஒரு சிக்கல். ஜம்புவின் வலது கண் சிறுவயதில் அடிபட்டது. லைசென்ஸ் தர மறுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியவன், "நீ ஓட்டு," என்றான். அவளுக்கு அப்போது நாற்பது வயது. புடவையை முழங்காலுக்கு இடையில் சொருகிக்கொண்டு அவள் அந்த உயரமான சீட்டில் ஏறிய முதல் நாள், தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டு கோலி சாஹிப் நாற்காலி போட்டு உட்கார்ந்து சிரித்தார். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், குரல் பெரிசு. "மதராசியின் ஊண்ட் கிளம்பிவிட்டது," என்று பஞ்சாபியில் கத்தினார். ஊண்ட் என்றால் ஒட்டகம். உயர்ந்த கால்களும் தூக்கிய மூக்குமாக இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. பால்காரன்கூட ஒட்டக வீடு என்றுதான் அடையாளம் சொன்னான்.

நல்லசிவம் தன் ஆபீஸ் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறபோது தெருமுனையிலேயே நின்று அண்ணனை அங்கே வரச்சொல்வான்.

சுந்தரவல்லி எஞ்சின் மூடியைத் தூக்கினாள். ஆழத் தண்ணீரில் இறங்குவதற்கு முன் விசிறியின் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். இல்லையென்றால் விசிறி தண்ணீரை வாரி எஞ்சின் மேல் அடிக்கும். கழற்றினாள். ட்யூப் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். இறுக்கமாக இருந்தது. அவன் கட்டினால் அப்படித்தான் இருக்கும்.

வண்டி இரண்டாவது இழுப்பில் உயிர்பெற்றது.

"தம்பி, ரோத்தாங் தாண்டி கேலாங் போற வழியில ஓடை குறுக்க வந்தா அவுக எறங்கி முன்னால கம்போட நடப்பாக. பள்ளம் எது, மேடு எதுன்னு பாத்துக் கை காட்டுவாக. நான் பின்னால போவேன்." அவள் நல்லசிவத்தைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னாள். "இந்தத் தெருவுல மூடி இல்லாத சாக்கடை ரெண்டு எடத்துல இருக்கு."

நல்லசிவம் மாடிக்கு ஏறிப்போய்த் துணி காயப்போடும் கொடிக்கம்பை எடுத்துக்கொண்டு வந்தான். பேண்ட்டைத் தொடை வரை சுருட்டிவிட்டுத் தண்ணீருக்குள் முன்னால் நடந்தான்.

வண்டி நகர்ந்தது. சின்ன கியர். கால் ஆக்ஸிலேட்டரில் ஒரே அழுத்தம். எடுக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது. முன்னால் ஒரு அலை எழும். அந்த அலைக்குப் பின்னாலேயே போக வேண்டும். தெருவில் அலமாரிக் கதவு, செருப்புகள், ஒரு செத்த எருமை மிதந்தன. பின்னால் வத்சலா கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து அப்பாவின் மேல் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கோலி அங்கிள் புலா ரஹே ஹைன். கூப்பிடறாங்க."

எதிர்வீட்டு முதல் மாடி பால்கனியில் கோலி சாஹிப் நாற்காலியில் உட்கார்ந்து துண்டை ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. போன வருஷம் முதுகெலும்பில் அடிபட்டு கோலிக்கு இரண்டு காலும் விளங்கவில்லை. படகுக்காரர்கள் தூக்க முயன்று, படகு ஆடியதும் அவர் பயந்து மறுத்துவிட்டார் என்று காலையில் சுந்தரவல்லி கேள்விப்பட்டிருந்தாள்.

நல்லசிவம் திரும்பிக் கையை வேகமாக அசைத்தான். "நிப்பாட்டாதிய மைனி. நின்னா திரும்பக் கெளம்புமா? வண்டியில அண்ணன் கெடக்காக."

நின்றால் கிளம்பாமல் போகலாம். அது அவளுக்கும் தெரியும். அவள் ஸ்டியரிங்கை ஒடித்து, கோலி வீட்டின் வெளிப்படிக்கட்டோடு பின்கதவு ஒட்டும்படி வண்டியைத் திருப்பி நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை. காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் ஒருமுறை விக்கிற்று. இரண்டுமுறை விக்கிற்று. பிறகு நிதானப்பட்டது.

நல்லசிவமும் வத்சலாவும் நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வண்டிக் கதவருகே அவர் கயிறு கட்டிய உருவத்தைப் பார்த்தார்.

"ஜம்பு சாஹிப்?"

"காலையில," என்றாள் வத்சலா. "சோதே ஹுவே."

தூக்கத்திலேயே. கட்டிலின் கால்மாட்டில் கோலி சாஹிபுக்கு இடம் ஒதுக்கினார்கள். பின்னால் ஏறிய மனைவி, எங்கே உட்கார்வது என்று தெரியாமல் நின்று, "யாருடைய வண்டி இது, உள்ளே வீடு மாதிரி இருக்கிறதே," என்று பஞ்சாபியில் மெல்லக் கேட்டாள். இத்தனை வருஷமாக எதிரிலேயே நின்ற வண்டிதான். உள்ளே அவள் பார்த்ததில்லை.

"ஜம்பு சாஹிப் கி காடி," என்றார் அவர்.

சந்தியில் தண்ணீர் குறுக்காகப் பாய்ந்தது. அங்கேதான் ஆழம். நல்லசிவத்துக்கு இடுப்புக்கு மேல் ஏறி, கம்பு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிற்று. அவன் கம்பைத் துரத்தவில்லை. காலாலேயே தடவித் தடவி நடந்தான். நடுவில் நின்று, ஒரு கையை வலதுபக்கமாக நீட்டினான். இந்தப் பக்கம். அவன் அண்ணன் நீட்டுவதைப் போலவேதான் நீட்டினான். விரல்களை ஒட்டி, கட்டைவிரலைத் தனியாகப் பிரித்து. சுந்தரவல்லி ஆக்ஸிலேட்டரில் காலை அசைக்காமல் ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் ஒடித்தாள்.

வண்டியின் உடம்பு ஓட்டத்தில் பக்கவாட்டில் இழுபட்டது. பின்சக்கரம் எதிலோ இறங்கிச் சுழன்றது. பின்னால் கோலியின் மனைவி ஜபிக்கிற குரல் உயர்ந்தது. அப்போது முன்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து பிடித்தன. அவள் அதைத் தன் உள்ளங்கைகளில் உணர்ந்தாள். பொருந்தாது என்று கடைக்காரர்கள் எல்லோரும் சொன்ன அந்த அச்சு, குழிக்குள்ளிருந்து வண்டியை மேலே இழுத்தது. தண்ணீர் கதவின் கீழ் விளிம்பு வழியாக உள்ளே வந்தது, கணுக்காலை நனைத்தது, பிறகு வடிந்தது. மேடு. இன்னும் மேடு.

ஜி.டி. ரோடு காய்ந்து கிடந்தது. கயிறு கட்டி ஆட்களைத் தடுத்து நிறுத்தியிருந்த இடத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. எல்லாப் பக்கத்திலிருந்தும் தண்ணீர் ஒழுக, நீர்க்கொடி சுற்றிய மூக்கோடு வண்டி நடுவே ஏறி வந்து நின்றது. யாரோ கைதட்டினார்கள். இன்னும் சிலர் தட்டினார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. சுந்தரவல்லி தடுக்கவில்லை.

விசிறி பெல்ட்டை மாட்டிவிட்டு, திரும்பி ஏறும்போது, பின்னால் பார்த்தாள். கோலி சாஹிப் ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார். மறு கை கம்பளிக்கு மேலே, ஜம்புவின் இரண்டு பாதங்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது. வழி முழுக்க அப்படித்தான் பிடித்திருந்தாராம். வத்சலா பிற்பாடு சொன்னாள்.

நல்லசிவம் நடுங்கிக்கொண்டே பக்கத்துச் சீட்டில் ஏறினான். உடம்பெல்லாம் சேறு. புசா ரோட்டில், "மைனி, நாலு சக்கரமும் சேந்து இழுக்கும்னு அண்ணன் சொல்லும்போது எனக்குப் புரியவே இல்ல," என்றான்.

கரோல்பாகில் கோலி தம்பதியை அவர்கள் மகள் வந்து அழைத்துப்போனாள். நல்லசிவத்தின் வீட்டு வாசலில் ஜம்புவைக் குளிப்பாட்டினார்கள், கோடி போர்த்தினார்கள், தமிழ்க் குடும்பங்கள் நாலைந்து வந்து சேர்ந்தன. சுடுகாட்டுக்கு லாரி சொல்லவா என்று ஒருவர் கேட்டார். "வேண்டாம், வண்டி இருக்கு," என்றான் நல்லசிவம். "மைனி ஓட்டுவாக."

லோதி ரோட்டில் சுடுகாட்டு வாசலுக்குச் சற்றுத் தள்ளி மரத்தடியில் வண்டியை நிறுத்தினாள். ஆண்கள் உடலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். போகும்போது நல்லசிவம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவள் தலையை அசைத்தாள்.

அவள் மரத்தடியில் நின்றாள். எதிரே டாக்ஸி ஸ்டாண்ட். சர்தார்ஜி டிரைவர்கள் மூன்று பேர் முதலில் தூரத்திலிருந்து பார்த்தார்கள். பிறகு ஒருவர் நடந்து வந்தார். குனிந்தார். மற்ற இருவரும் வந்து குந்தினார்கள். ஒருவர் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு அடியில் எட்டிப் பார்த்தார். இது ரொட்டி வேன், என்றார் ஒருவர். இல்லை, ராணுவ வண்டி, என்றார் இன்னொருவர். ரொட்டி வேனில் முன்னச்சு இப்படி உட்காரவே உட்காராது, நான் இருபது வருஷம் வொர்க்‌ஷாப்பில் இருந்தவன், என்றார் மூன்றாமவர்.

மதிலுக்கு அப்பால் புகை எழுந்தது. சுந்தரவல்லி அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

"அச்சு உட்காரும்," என்றாள் இந்தியில்.

மூவரும் நிமிர்ந்தார்கள். ஈரப் புடவையும் கலைந்த தலையுமாக நின்ற பெண்ணை அப்போதுதான் சரியாகப் பார்த்தார்கள்.

"யார் செய்தது, பஹன்ஜி?"

"என் வீட்டுக்காரர்."

அவள் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு அவர்கள் பக்கத்தில் ரோட்டில் குந்தினாள். ஒரு கையை ஊன்றி, தலையை வண்டிக்கு அடியில் நீட்டினாள். வயதான சர்தார்ஜி நகர்ந்து இடம் விட்டார். முதலில் இந்தப் பட்டையை மேலே போட்டார், சரிவரவில்லை, என்று ஆரம்பித்தாள். அப்புறம் அச்சை ஒரு விரற்கடை முன்னால் தள்ளி, இங்கே ஒரு தாங்கல் வைத்துப் பற்றவைத்தார். பாருங்கள், இங்கே. சேற்றை உள்ளங்கையால் வழித்துவிட்டு இடத்தைக் காட்டினாள். அவர்கள் கேள்வி கேட்டார்கள். அவள் பதில் சொன்னாள். இங்கிருந்துதான் முன்சக்கரத்துக்குச் சக்தி போகிறது என்று சொல்லி, கியர்பெட்டியின் அடியில் கையை வைத்தாள். அது இன்னும் சூடாக இருந்தது.