2864

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஸ்ரீலக்ஷ்மி அட்டவணையின் கடைசிக் கட்டத்தை நிரப்பினாள். அவள் பள்ளியின் கவுன்சலர். ஜூனில் பத்தாம் வகுப்பின் நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரு கேள்வித்தாள் கொடுத்திருந்தாள். நவம்பரில் அதே தாள். இடையில் அவர்களோடு பேசியதும், மேற்படிப்புக்கு வழி சொன்னதும் பலன் தந்ததா என்று எண்கள் சொல்ல வேண்டும்.

சொல்லின. சராசரி கூடியிருந்தது.

ஒரு வரியில் மட்டும் இல்லை. ‘உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுவதுண்டா?’ ஜூனில், இல்லை. நவம்பரில், தினமும். ‘என்ன படிக்க விருப்பம்?’ ஜூனில், நர்ஸிங். நவம்பரில் வெறும் கோடு.

தாளை வாங்கி நான்கு நாள் ஆகியிருந்தது.

பெயர் கேட்டால் பிள்ளைகள் உண்மை எழுத மாட்டார்கள். அதனால் பெயருக்குப் பதில் நான்கு இலக்கம்: பிறந்த தேதி, வீட்டு போன் நம்பரின் கடைசி இரண்டு எண். யார் எழுதியது என்று தேட மாட்டேன் என்று வகுப்பில் நின்று சொல்லியிருந்தாள்.

2864.

தலைமையாசிரியை பாகீரதி எட்டிப் பார்த்தாள்.

“சராசரி கூடியிருக்கோன்னோ? பின்னே ஏன் முகம் இப்படி வெளுத்திருக்கு?”

ஸ்ரீலக்ஷ்மி வரியைக் காட்டினாள். பாகீரதி படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

“யாருடி இது?”

“தெரியலை டீச்சர்.”

“தேடு.”

அலுவலகத்தில் கிளார்க் பினு பதிவேட்டை இரண்டு முறை புரட்டினான்.

“இருபத்தெட்டும் அறுபத்துநாலும் சேர்ந்து ஆரும் இல்ல டீச்சர். அறுபத்துநாலு மட்டும்னா அஞ்சு பேரு. கட்டட வேலைக்கு வந்தவங்க பிள்ளைகள். எல்லாருக்கும் ஒரே நம்பர், மேஸ்திரி வன்னியபெருமாளோடது.”

“பிறந்த தேதி?”

“அஞ்சு பேருக்கும் மே பதினஞ்சு. சர்டிபிகேட் இல்லாம வந்தா பழைய ஹெட்மாஸ்டர் எல்லாருக்கும் அதுதன்னே எழுதும்.”

மே பதினைந்து கோடை விடுமுறை. அந்த ஐவரும் வகுப்பில் பிறந்தநாள் மிட்டாய் கொடுத்ததே இல்லை. அவர்களில் 28 என்று எழுதிய ஒருவருக்குத் தன் உண்மையான தேதி தெரியும்.

மணி அடித்தது. இனி திங்கட்கிழமைதான் பள்ளி. ஸ்ரீலக்ஷ்மி ஓடினாள். போன் மேசையிலேயே கிடந்தது.

பேருந்து நிறுத்தத்தில் ஐவரும் நின்றார்கள். தனித்தனியாக அழைத்துப் பேச நேரமில்லை.

“உங்களுக்கு மிட்டாய் வாங்கித் தரணும். யாருக்கு என்னைக்குப் பிறந்தநாள்?” என்று கேட்டாள்.

“எங்கம்மைக்கே தெரியாது டீச்சர். மழை பெஞ்ச நாளாம்,” என்றாள் பேச்சி.

“அப்படின்னா இந்த ஊர்ல உனக்கு வருஷம் பூரா பிறந்தநாளுல்லா,” என்றான் அஜின்.

எல்லோரும் சிரித்தார்கள். கௌசல்யா சிரிக்கவில்லை.

“மே பதினஞ்சு,” என்றாள்.

“பொய் டீச்சர். அவளுக்கு மார்ச் இருபத்தெட்டு. எனக்கு மட்டும் மிட்டாய் தந்தா,” என்றாள் பேச்சி.

கௌசல்யா ஸ்ரீலக்ஷ்மியைப் பார்த்தாள்.

“தேட மாட்டேன்னு சொன்னீங்கள்லா டீச்சர்.”

“சொன்னேன்.”

பேருந்து வந்தது. கௌசல்யா முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஸ்ரீலக்ஷ்மி பின்னாலேயே ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீங்க எங்க இறங்கணும்?”

“நீ இறங்கற இடத்துல.”

கௌசல்யா முன்னிருக்கையின் கம்பியைப் பிடித்தாள். மணிக்கட்டிலிருந்து சட்டைக்கை மேலேறியது. உடனே கீழே இழுத்துவிட்டாள். ஸ்ரீலக்ஷ்மி அதற்குள் கன்றிய தடங்களைப் பார்த்துவிட்டாள்.

“வீட்டுக்கு வராதீங்க.”

“ஏன்?”

பேருந்து இரண்டு நிறுத்தம் கடந்தது.

“எனக்கும் அங்க போக வேண்டாம் டீச்சர்,” என்றாள் கௌசல்யா, ஜன்னலைப் பார்த்தபடி.

மூன்றாவது நிறுத்தத்தில் பேருந்து நின்றது. மற்ற நால்வரும் இறங்கினார்கள். அஜின் கீழே நின்று ஜன்னலைத் தட்டினான்.

“ஏட்டி, இறங்கு. உங்கப்பா நிக்காரு.”

கௌசல்யா குனிந்துகொண்டாள். ஸ்ரீலக்ஷ்மி ஜன்னலின் திரையை இழுத்து இறக்கினாள்.

“போலாம்,” என்றாள் கண்டக்டரிடம். “எங்களுக்கு இங்க இல்ல.”