புதிர்வேலிக்குள் அப்பா

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டால் மகள் அம்மாவுக்கு மட்டுமே பிறந்தவளாகிவிடுவாள். "உன் பொண்ணு சாப்பிட்டாளா? உன் பொண்ணு ஃபேனை அணைக்காமப் போயிட்டா." ஆபீஸ் வேலையை உதறிவிட்டுப் பழைய மாளிகைத் தோட்டத்தைச் சீரமைக்கும் குழுவில் அவள் சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். படிக்க வைத்தது மண்ணைக் கிளறவா என்று அவர் கேட்டதும் அம்மாவைத்தான்.

தோட்டத்தைத் திறந்துவிட்ட அன்று அம்மா அவரை விடாப்பிடியாக இழுத்து வந்துவிட்டாள். மகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேடையில் பெரிய மனிதர்கள் பாராட்டியதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த மனுஷன் வாயிலிருந்து நல்லதாக ஒரு வார்த்தை வரவேண்டும் அவளுக்கு.

வரவில்லை. குளத்தைப் பார்த்தார், ரோஜாப் பாத்தியைப் பார்த்தார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே நடந்தார்.

கடைசியில் புதிர்வேலி. ஆளை மறைக்கும் செடிவேலிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் பாதை அது. நடுவிலுள்ள மண்டபத்தைத் தொட்டுவிட்டு வெளியே வரவேண்டும். புதர் மண்டிக் கிடந்த இடத்தில் பழைய வேர்களைத் தேடித் தோண்டி, அவை இருந்த வரிசையிலேயே ஆளுயரம் வளர்ந்த புதிய செடிகளை நட்டவள் மகள்தான். வாசலில் எல்லோருக்கும் வரைபடம் கொடுத்தார்கள். காலமெல்லாம் பஸ் ஓட்டியவருக்கு வரைபடமா? வழி கேட்கிறவன் டிரைவரே இல்லை என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார்.

போனவர் போனவர்தான். பின்னால் போனவர்களெல்லாம் திரும்பி வந்து ஐஸ்கிரீமும் தின்று முடித்தாயிற்று. இவர் கௌரவம் பார்த்துக்கொண்டு அங்கேயே குடித்தனம் நடத்திவிடுவார் என்றாள் அம்மா. மகளுக்கு அவரைத் தெரியும். நாலு பேர் முன்னால் அசடு வழிய நேர்ந்தால், இந்த ஜென்மத்தில் அவளிடம் பேசமாட்டார்.

அவசரமாக உள்ளே ஓடினாள். இரண்டு திருப்பம் தாண்டியதும் வேலிக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது. வழி தவறிவிட்டதா, வெளியே கொண்டுபோய் விடட்டுமா என்று காவலாளி கேட்டுக்கொண்டிருந்தார்.

"வழி தவறல தம்பி, தவற வச்சிருக்கா," என்றார் அப்பா. "ஆயுசு பூரா ஸ்டீயரிங் பிடிச்சவனையே சுத்த விட்டுட்டா. என் பொண்ணு நட்ட வேலி இது, தெரியுமா?"

காவலாளி நகர்ந்ததும், அந்த வழியாக வந்த ஒரு குடும்பத்தை நிறுத்தி அதையே மறுபடி சொன்னார். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களிடமும் சொன்னார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அப்பா," என்றாள்.

காலடிச் சத்தம் வேலியருகே வந்தது. பிறகு மெதுவாக, "நீயாம்மா?"

"நான் வந்து கூட்டிட்டுப் போகட்டுமா?"

"வேண்டாம். வழிய மட்டும் சொல்லிடாத." தொண்டையைச் செருமிக்கொண்டார். "வெளிய யாராவது கேட்டா, எங்கப்பா இன்னும் உள்ளதான் மாட்டிக்கிட்டு இருக்காருன்னு பெருமையாச் சொல்லு."