பெயர் கூப்பிடாத அறை

மலேசியாவில், செனாய் விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில், மின்பொருள் தொழிற்சாலை ஒன்றில் கஸ்தூரி இருபத்து நான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். விமானம் போகும்போதெல்லாம் கூரைத் தகரம் அதிரும். நிமிர்ந்து பார்த்தால் கையிலிருக்கும் வேலை கெட்டுவிடும் என்பதால் அவள் நிமிர்ந்ததில்லை. விமான நிலையத்துக்குள் காலெடுத்து வைத்ததே இன்றுதான் முதல் தடவை.

மகள் ஷர்மினி கடல் தாண்டி கூச்சிங்கில் ஆசிரியை. கல்யாணம் ஆகவில்லை, அங்கே சொந்தபந்தமும் கிடையாது. வயிற்றில் கட்டி. மத்தியானம் மூன்று மணிக்கு அறுவை என்று டாக்டர் சொல்லிவிட்டார். “நீங்க வந்து நின்னாதான்மா நான் உள்ள போவேன்” என்று முந்தாநாள் போனில் அழுதாள். கஸ்தூரிக்கு லீவு கிடைத்ததே நேற்று சாயங்காலம்தான். பன்னிரண்டேகால் விமானத்தில் ஏறினால் இரண்டே காலுக்குள் ஆஸ்பத்திரியில் இருக்கலாம்.

மகன் யுகேந்திரன் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறான். பெர்மாஸ் ஜெயா வீட்டிலிருந்து அவன்தான் காரில் கொண்டுவந்து விட்டான்.

“ஃபர்ஸ்ட் கிளாஸ்மா. தனி ரூம்பு இருக்கு, அங்க போய் உக்காருங்க. எல்லாம் அவுங்களே பாத்துக்குவாங்க.”

“நான் என்னடா டத்தோ பட்டம் வாங்குனவரு பொண்டாட்டியா?”

“இருவத்து நாலு வருசம் நின்னுக்கிட்டேதானே இருந்தீங்க? இன்னிக்கு ஒரு நாள் உக்காருங்க லா.”

சொல்லிவிட்டு வேலைக்கு நேரமாச்சென்று சிங்கப்பூர்ப் பாலத்துப் பக்கம் காரைத் திருப்பினான்.

சோதனை முடிந்து உள்ளே போனதும் வழி கேட்டுக் கேட்டுக் கண்ணாடிக் கதவைக் கண்டுபிடித்தாள். முகப்பிலிருந்த மலாய்ப் பெண் டிக்கெட்டை வாங்கி எதிலோ காட்டினாள். கீங் என்று சத்தம் வந்தது. “சிலாக்கான் புவான்”, வாங்கம்மா என்று உள்ளே கை நீட்டினாள்.

கஸ்தூரி கைப்பேசியை எடுத்து முகப்பில் வைத்தாள். தொழிற்சாலையில் அப்படித்தான். போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். உள்ளே பிடிபட்டால் எச்சரிக்கைக் கடிதம். மலாய்ப் பெண் போனையும் அவள் முகத்தையும் பார்த்தாள். “சார்ஜ்?” என்று கேட்டாள். கஸ்தூரி தலையாட்டினாள். போன் மேசைக்கு அடியில் போனது. டோக்கன் எதுவும் தரவில்லை. அதிலேயே கஸ்தூரிக்குக் குழப்பம் ஆரம்பித்துவிட்டது.

உள்ளே நாற்காலிகள் எதிரும் புதிருமாகக் கிடந்தன. வரிசை என்று ஒன்றில்லை. வரிசை இல்லாத இடத்தில் எங்கே உட்காருவது? கதவுக்குப் பக்கமாக ஒன்றின் நுனியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். நீள மேசையில் நாசி லெமாக், மீகூன், கேக், வெட்டிய பப்பாளி எல்லாம் இருந்தன. பரிமாற ஆளில்லை. கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார், தட்டு நிறைய அள்ளினார், இரண்டு வாய் தின்றார், அப்படியே வைத்துவிட்டுப் போனார். ஒரு சீனர் காலுறையோடு சோபாவில் நீட்டிப் படுத்து குறட்டை விட்டார். ஒருத்தரும் அவரை எழுப்பவில்லை. இங்கே யார் சூப்பர்வைசர் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

மணி பதினொன்றரை ஆனது. ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை, அவர்களாகவே போனார்கள். பெரிய மனிதர்கள், அவர்களுக்கு ஏதாவது ஏற்பாடு இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சாஆ ரப்பர் தோட்டத்தில் பதினாறு வயதில் கூலியாகப் பேர் பதிந்தவள் அவள். விடிகாலையில் பெரட்டுக்களத்தில் எல்லாரும் நிற்பார்கள். கணக்கெழுதும் கிராணி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். கூப்பிட்ட பிறகுதான் நகர வேண்டும். முந்திக்கொண்டு “ஐயா, என் பேரு?” என்று கேட்டவளை ஒருநாள் வீட்டுக்கே திருப்பி அனுப்பியதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். தொழிற்சாலையிலும் கிளினிக் போக, சம்பளச் சீட்டு வாங்க, எல்லாவற்றுக்கும் பேர் கூப்பிட்டால்தான். டிக்கெட்டில் அவள் பேர் இருக்கிறது. அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டுத்தானே உட்காரச் சொன்னாள்? கூப்பிடாமல் எப்படி விட்டுவிடுவாள்?

பதினொன்றே முக்கால். எழுந்து முகப்புவரை போனாள். அந்தப் பெண் யாரிடமோ இங்கிலீஷில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். கஸ்தூரி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தன்மேலேயே எரிச்சல் வந்தது. மகன் அவ்வளவு சொல்லி அனுப்பினானே, பாத்துக்குவாங்க என்று. பாத்துக்குவாங்கதானே?

சும்மா இருக்க முடியாமல் கோட்டுக்காரர் விட்டுப்போன தட்டை எடுத்து இன்னொரு தட்டின்மேல் அடுக்கினாள். பிறகு அடுத்த மேசைக்குப் போனாள். அங்கே நான்கு கோப்பைகள்.

“அலாமாக்! அக்கா, என்ன செய்றீங்க? என் சோத்துல மண்ணப் போட்டுருவீங்க போல!”

துடைக்கும் துணியோடு வந்து நின்றவள் இங்கே வேலை செய்பவள். சட்டையில் வாசுகி என்று பேர் குத்தியிருந்தது.

“சும்மாதானே உக்காந்திருக்கேன் தங்கச்சி.”

“சும்மா உக்காரத்தான் இவ்ளோ பெரிய ரூம்பு கட்டி வெச்சிருக்கானுங்க. வெச்சிட்டுப் போங்க. எந்த ஊருக்கு?”

“கூச்சிங். இன்னும் கூப்பிடல.”

வாசுகியின் கை நின்றது. “யாரு கூப்பிடணும்?”

“இவுங்கதான். பேரு.”

“அக்கா, இங்க யாரும் கூப்பிட மாட்டாங்க! தூங்குறவங்களுக்குத் தொந்தரவாம், அதுக்கு ஸ்பீக்கரையே வெக்கல. நாமதான் நேரம் பாத்து எந்திரிச்சுப் போவணும். அலாமாக், மணி பன்னண்டு அஞ்சு! ஓடுங்க, மூணாம் நம்பரு கேட்டு!”

கஸ்தூரி ஓடினாள். ஐம்பத்து நான்கு வயது முட்டி, புதுச் செருப்பு, தோளில் பை. கண்ணாடிக் கதவைத் தாண்டியதுமே மேலேயிருந்து ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தூணிலும் ஒன்று வைத்திருந்தார்கள். கழிப்பறை வாசலில்கூட இருந்தது.

மூன்றாம் எண் கதவு பூட்டியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் அப்படியே நின்றது. இறக்கையில் எழுதியிருந்ததைக்கூடப் படிக்க முடிந்தது. அங்கிருந்த அதிகாரி டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, நான்கு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டோமே என்று மலாயில் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அடுத்தது ஐந்தே முக்காலுக்கு, புவான் போய் லவுஞ்சிலேயே வசதியாக ஓய்வெடுக்கலாம் என்றார்.

“மகளுக்கு ஆப்பரேசன்” என்றாள் தமிழில். பிறகு மலாயிலும் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். விமானம் மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது.

வாசுகி மூச்சு வாங்க ஓடிவந்து கைப்பேசியைக் கையில் திணித்தாள். “போன வெச்சிட்டு வந்துட்டீங்க. ஏறலயா?” என்று கேட்டவள், முகத்தைப் பார்த்துவிட்டு அவள் தோளிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தாள். யுகேந்திரன் ஒன்பது தடவை அழைத்திருந்தான். கஸ்தூரி அவனுக்குப் பேசவில்லை. ஷர்மினிக்கு அடித்தாள்.

“ஏறிட்டீங்களாம்மா?”

“இல்ல. பிளேன் போயிருச்சு.”

“போயிருச்சா? நீங்க எங்க இருந்தீங்க?”

“உள்ளதான் இருந்தேன். காலையிலேர்ந்து உள்ளதான் உக்காந்திருந்தேன்.” பூட்டிய கதவைப் பார்த்தபடியே சொன்னாள். “பேரு கூப்பிடுவாங்கன்னு இருந்துட்டேன்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“அண்ணன் எதுக்கு ஒங்கள அங்க கொண்டுபோய் வெச்சுச்சு?”

“அவன ஒண்ணும் சொல்லாத. என் புத்திதான். அடுத்த பிளேன் ராத்திரிதான் வந்து சேரும். நீ மூணு மணிக்குப் போயிரு. தள்ளி வெக்கச் சொல்லாத, கேட்டியா?”

“தலைய ரெண்டா பிரிச்சுப் பின்னி வெக்கச் சொல்லிட்டுப் போயிட்டாங்க நர்சு. கையில ஊசி குத்தியிருக்கு, தூக்க முடியல. நீங்க வந்து பின்னுவீங்கன்னு பாத்தேன்.”

கஸ்தூரி கண்ணை இறுக மூடித் திறந்தாள்.

“பக்கத்துக் கட்டில்ல யாரு?”

“ஒரு இபான் அம்மா, இந்த ஊரு ஆளு. பேசுனதில்ல.”

“அவுங்கள கேளு.”

“எப்படிம்மா கேக்குறது? அவுங்களே முடியாம...”

“வாயத் தொறந்து கேளு. அவுங்களா வந்து கேப்பாங்கன்னு படுத்திருக்காத. போன வெக்காம இப்பயே கேளு.”

அந்தப் பக்கம் ஷர்மினி மலாயில் தயங்கித் தயங்கிக் கூப்பிடுவது கேட்டது. ஒரு கிழட்டுக் குரல் ஏதோ கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது. செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்தது.

“வர்றாங்கம்மா” என்றாள் ஷர்மினி.

“பின்னி முடிக்கிற வரைக்கும் வெக்காத. நான் இருக்கேன்.”

கஸ்தூரி அங்கேயே ஓர் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சீப்பு சிக்கில் மாட்டியது. ஷர்மினி “ஆ” என்றாள். அந்தக் கிழவி சிரித்தாள்.